அட்டை சொல்லும் வயதும் உடம்பு சொல்லும் வயதும்



"உங்களுக்கு என்ன வயது?" என்று யாராவது கேட்டால், பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுச் சொல்கிறோம். கணக்கில் ஐயம் வந்தால் அடையாள அட்டையை எடுத்துப் பார்க்கிறோம். நம் நாட்டு அடையாள அட்டையின் முதல் ஆறு எண்கள் பிறந்த ஆண்டையும் மாதத்தையும் நாளையும் குறிக்கின்றன. 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுப்பதும், 60 வயதில் ஓய்வு பெறுவதும் அந்த ஆறு எண்களைக் கொண்டே முடிவாகின்றன.

ஒரே ஆண்டில் பிறந்து, ஒரே தோட்டத்தில் வளர்ந்து, ஒரே பெரட்டில் நின்று பேர் கொடுத்த இருவரை எண்ணிப் பாருங்கள். ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் சைக்கிள் மிதித்துச் சந்தைக்குப் போய் வருகிறார். மற்றவர் அடுக்குமாடி வீட்டின் இரண்டு படிக்கட்டு ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார். அட்டை இருவருக்கும் ஒரே வயதைச் சொல்கிறது. உடம்பு அப்படிச் சொல்லவில்லை.

அட்டை சொல்லும் வயதுக்கும் உடம்பு சொல்லும் வயதுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அளந்து பார்க்க முடியுமா? நம் உயிரணுக்களுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்ற பொருளைக் கொண்டு ஓரளவுக்கு அளக்கலாம் என்று அறிவியலார் கூறுகிறார்கள். அது எப்படி, அதனால் நமக்கு என்ன பயன், எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதையே இன்றைய உரையில் பார்க்கப்போகிறோம்.

ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த இரண்டு வயதுக் கணக்கு புதிய செய்தி அன்று. ஒரு காட்டில் உள்ள மரங்கள் எல்லாம் ஒரே ஆண்டில் நடப்பட்டவை. கிராணியின் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே நடவு ஆண்டுதான் எழுதியிருக்கும். ஆனால் பால் வெட்டுகிறவர் புத்தகத்தைப் பார்த்து வெட்டுவதில்லை. பட்டையைப் பார்த்து வெட்டுகிறார். கத்தி அளவாகப் பட்ட மரத்தில் பட்டை சீராக மறுபடி வளர்ந்திருக்கும். கத்தி ஆழமாகப் பாய்ந்து கட்டை வரை காயம்பட்ட மரத்தில் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக இருக்கும். ஓய்வு கொடுக்காமல் வெட்டிய மரம் ஒரு நாள் பட்டை வறண்டு பால் தராமல் நின்றுவிடும். நடவு ஆண்டு ஒன்றே ஆனாலும் மரங்களின் நிலை வேறு வேறு. மனிதருக்கும் அப்படித்தான். பிறந்த நாளிலிருந்து எண்ணும் வயதை நாட்காட்டி வயது என்றும், உடம்பின் தேய்மானத்தைக் காட்டும் வயதை உடல் வயது என்றும் சொல்லிக்கொள்வோம்.

இனி டி.என்.ஏ. என்றால் என்ன என்று பார்ப்போம். நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் ஒரு கரு இருக்கிறது. அந்தக் கருவுக்குள் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. அவற்றில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் மெல்லிய நூல்தான் டி.என்.ஏ. ஓர் உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் வரும். இதில் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் உடம்பை நடத்துவதற்கான கட்டளைகள் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. தாயிடமிருந்து ஒரு பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியும் வருகின்றன. ஒரு பிரதியில் மட்டும் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் உள்ளன.

கண்ணில் உள்ள உயிரணுவிலும், கல்லீரலில் உள்ள உயிரணுவிலும் இருப்பது ஒரே புத்தகந்தான். அப்படியானால் கண் எப்படிக் கண்ணாகவும், கல்லீரல் எப்படிக் கல்லீரலாகவும் இருக்கின்றன? எந்தப் பக்கத்தைப் படிக்கவேண்டும், எந்தப் பக்கத்தை மூடி வைக்கவேண்டும் என்பதற்குப் புத்தகத்தின் மேல் சிறு சிறு குறிகள் இடப்பட்டிருக்கின்றன. அந்தக் குறிகளில் ஒன்றுக்கு மெத்தில் என்று பெயர். ஒரு கரியணுவும் மூன்று நீரக அணுக்களும் சேர்ந்த மிகச் சிறிய பொருள் அது. டி.என்.ஏ. நூலில் 'சி' என்ற எழுத்தை அடுத்து 'ஜி' வரும் இடங்களில் இந்தக் குறி பெரும்பாலும் ஒட்டிக்கொள்கிறது. அத்தகைய இடங்கள் மனிதரின் டி.என்.ஏ.யில் ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம் இருக்கின்றன.

பாடப் புத்தகத்தில் பிள்ளைகள் பென்சிலால் அடிக்கோடு போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சடித்த எழுத்து மாறுவதில்லை. பென்சில் குறி மட்டும் கூடும், குறையும், அழியும். வயது ஏற ஏற டி.என்.ஏ.யில் சில இடங்களில் மெத்தில் குறி கூடுகிறது. சில இடங்களில் குறைகிறது. உணவு, புகை, நோய், வேலை, கவலை ஆகியவையும் இந்தக் குறிகளை மாற்றுகின்றன.

இதற்கு ஒரு நல்ல சான்று இரட்டைப் பிள்ளைகள். ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையருக்கு டி.என்.ஏ. எழுத்துகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஸ்பெயின் நாட்டில் 40 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மூன்று வயது இரட்டையரிடம் குறிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. ஐம்பது வயது இரட்டையரிடம் அவை வெகுவாக மாறியிருந்தன. ஆளுக்கொரு வாழ்க்கை, ஆளுக்கொரு குறி.

குறிகள் வயதோடு மாறுகின்றன என்றால், குறிகளைப் பார்த்து வயதைச் சொல்லலாம் அல்லவா? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்டீவ் ஹோர்வாத் என்ற கணித அறிஞர் 2013ஆம் ஆண்டில் அதைச் செய்து காட்டினார். ஏறக்குறைய 8,000 மாதிரிகள், 51 வகைத் திசுக்களும் உயிரணுக்களும் அவருடைய ஆராய்ச்சியில் இடம்பெற்றன. லட்சக்கணக்கான இடங்களிலிருந்து சலித்தெடுத்து, 353 இடங்களின் குறிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவருடைய வயதைக் கணித்துவிடலாம் என்று அவர் கண்டார். அதே 2013ஆம் ஆண்டில் ஹேனம் என்பவரும் அவருடைய குழுவினரும் 656 பேருடைய இரத்தத்தை ஆராய்ந்து, 71 இடங்களைக் கொண்ட மற்றொரு கணக்கை வெளியிட்டார்கள். இத்தகைய கணக்குகளுக்கு 'டி.என்.ஏ. கடிகாரம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

முந்நூற்றுச் சொச்சம் இடங்கள் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்கலாம். செம்பனைக் காட்டில் குலை பழுத்துவிட்டதா என்று எப்படிப் பார்க்கிறோம்? நிறத்தை மட்டும் நம்பி வெட்டுவதில்லை. மரத்தடியில் எத்தனை பழம் உதிர்ந்து கிடக்கிறது என்றும் பார்க்கிறோம். ஓர் அடையாளம் ஏமாற்றிவிடும். பல அடையாளங்கள் சேர்ந்து சொன்னால் நம்பலாம். டி.என்.ஏ. கடிகாரமும் அப்படியே. சிறிது இரத்தமோ உமிழ்நீரோ எடுத்து, ஆய்வுக்கூடத்தில் குறிப்பிட்ட இடங்களில் மெத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறார்கள். பிறகு கணினி ஒவ்வோர் இடத்துக்கும் உரிய மதிப்பைப் போட்டுக் கூட்டி ஒரு வயதைச் சொல்கிறது.

முதலில் வந்த கடிகாரங்கள் நாட்காட்டி வயதைச் சரியாகச் சொல்வதற்காகவே செய்யப்பட்டவை. பிறகு ஆய்வாளர்கள் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள். அட்டையில் உள்ள வயதை டி.என்.ஏ.யில் தேடுவானேன்? உடம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, நோயும் சாவும் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதைச் சொல்லும் கணக்கு அல்லவா வேண்டும்? அந்த நோக்கத்தோடு 2018, 2019 ஆண்டுகளில் புதிய கடிகாரங்கள் வந்தன. அவற்றில் ஒன்று, ஒருவர் வாழ்நாளில் எவ்வளவு சிகரெட் பிடித்திருப்பார் என்பதைக்கூட டி.என்.ஏ. குறியிலிருந்தே மதிப்பிட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

மூன்றாவது வகை நியூசிலாந்து நாட்டிலிருந்து வந்தது. அங்கே டனீடன் என்ற நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,037 குழந்தைகளைக் குழந்தைப் பருவத்திலிருந்து இன்று வரை விடாமல் பரிசோதித்து வருகிறார்கள். அவர்களுக்கு 38 வயதானபோது, சிறுநீரகம், நுரையீரல், பல், இரத்தம் போன்றவற்றின் நிலையை அளந்து உடல் வயதைக் கணித்தார்கள். எல்லாருக்கும் அட்டையில் 38 வயது. உடல் வயதோ 28 முதல் 61 வரை பரந்து கிடந்தது! வேகமாக மூப்படைந்தவர்களின் முகப் படங்களை முன்பின் அறியாதவர்களிடம் காட்டியபோது, 'இவருக்கு வயது அதிகம்' என்றே அவர்கள் சொன்னார்கள். 2015ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது. அதே மக்களின் டி.என்.ஏ. குறிகளைக் கொண்டு 2022ஆம் ஆண்டில் ஒரு புதிய அளவு செய்யப்பட்டது. லாரியில் இரண்டு மீட்டர் உண்டு. ஒன்று இதுவரை எத்தனை மைல் ஓடியது என்று காட்டும். மற்றொன்று இப்போது எத்தனை மைல் வேகத்தில் ஓடுகிறது என்று காட்டும். டனீடன் அளவு இரண்டாவது வகை. நாட்காட்டியில் ஓராண்டு கழியும்போது உடம்பில் எத்தனை ஆண்டு கழிகிறது என்பதை அது சொல்கிறது.

நேயர்களே, எது உடம்பை விரைவாக ஓட்டுகிறது என்பதை இனிப் பார்ப்போம்.

முதலில் நிற்பது புகை. சிகரெட் பிடிப்பவருடைய டி.என்.ஏ.யில் சில குறிப்பிட்ட இடங்களில் மெத்தில் குறைந்துபோகிறது. பரிசோதனைக்கூடத்தில் அதைப் பார்த்தே, இவர் புகைப்பவர் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அடுத்து வருவன உடல் பருமன், இனிப்பு நீர், அளவுமீறிய குடி. சம்சுக்கும் பீருக்கும் இதில் வேறுபாடு பார்க்கவேண்டியதில்லை. உள்ளே போகும் சாராயத்தின் அளவே கணக்கு.

அடுத்தது வறுமை. சிறு வயதில் வசதியற்ற குடும்பத்தில் வளர்ந்தவர்களிடமும், படிப்பும் வருமானமும் குறைந்தவர்களிடமும் மூப்பின் வேகம் சராசரியாகக் கூடுதலாக இருக்கிறது என்று டனீடன் ஆய்வும் பிற நாட்டு ஆய்வுகளும் காட்டியுள்ளன. கிள்ளான் வட்டாரத்தில் பல தோட்டங்கள் இன்று வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயத்தில் பிறந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். தோட்டம் போய்விட்டாலும், அந்தக் காலத்து உணவும் உழைப்பும் நோயும் உடம்பில் விட்ட குறிப்பு உடனே போய்விடுவதில்லை.

கவலையும் மருந்து வாடையும் கூட உயிரணுவைத் தொடுகின்றன. இதைச் சொல்வதற்கு டி.என்.ஏ.யின் மற்றோர் அடையாளத்தையும் அறிமுகப்படுத்த வேண்டும். காலணிக் கயிற்றின் நுனி பிரியாதிருக்க ஒரு சிறு உறை போட்டிருப்பார்கள். குரோமோசோம் நுனிகளிலும் அப்படியொரு காப்பு இருக்கிறது. அதன் பெயர் டெலோமியர். பொதுவாக உயிரணு ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் அது கொஞ்சம் தேய்கிறது. இந்த நுனிக் காப்பைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவருக்கும் 2009ஆம் ஆண்டில் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பிளாக்பர்ன் பங்குகொண்ட 2004ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று தாய்மார்களைப் பற்றியது. நீண்ட நாள் நோயுற்ற பிள்ளையைக் கவனித்து வந்த தாய்மார்களில், கவனித்த ஆண்டுகள் கூடக்கூட டெலோமியர் குட்டையாக இருந்தது. அமெரிக்காவில் விவசாய மருந்து தெளிப்பவர்களிடையே நடந்த ஆய்விலும், சில மருந்துகளை நெடுநாள் பயன்படுத்தியவர்களிடம் டெலோமியர் குட்டையாக இருந்ததைக் கண்டார்கள். தோளில் தோம்பு சுமந்து மருந்தடித்த நம் பெண்களுக்கு இது சம்பந்தமில்லாத செய்தி அன்று.

இதையெல்லாம் கேட்டு மனம் சோர்ந்துவிட வேண்டாம். பென்சில் குறி என்று சொன்னேன் அல்லவா? பென்சில் குறியில் ஒரு பகுதியை அழிக்கவும் முடியும். சிகரெட்டை விட்டவர்களிடம் அந்தக் குறிகள் ஆண்டுக்கு ஆண்டு பழைய நிலையை நோக்கித் திரும்புகின்றன. முழுவதும் இல்லாவிட்டாலும் பெரும்பகுதி திரும்புகிறது. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, இடுப்பெலும்பு முறிந்து அவசர அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களைப் பார்த்தது. அறுவையின்போது அவர்களுடைய உடல் வயது திடீரென ஏறியது. சில நாட்களில் மறுபடி இறங்கியது. பிள்ளைப்பேற்றின்போதும் வயது ஏறிப் பிறகு இறங்குவதைக் கண்டார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஓய்வும் நல்ல உணவும் வேண்டும் என்று நம் பாட்டிமார் வற்புறுத்தியதற்கு இது பொருத்தமான செய்தி. அமெரிக்காவில் 220 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வில், இரண்டு ஆண்டுகள் உணவைக் கட்டுப்படுத்தியவர்களுக்கு மூப்பின் வேகம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு குறைந்தது. ஆனால் அதே ஆய்வில் வேறு கடிகாரங்களைக் கொண்டு பார்த்தபோது மாற்றம் எதுவும் தெரியவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஆளுடைய இரத்தத்தை இரண்டு கடிகாரங்களில் போட்டால் இரண்டு விடை வரலாம். ஆயிரம் பேரைச் சேர்த்து ஆராய்வதற்கு இது நல்ல கருவி. தனி ஒருவருக்கு, 'உங்கள் வயது இதுதான்' என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு இன்னும் முதிரவில்லை. உமிழ்நீரைத் தபாலில் அனுப்புங்கள், உடல் வயதைச் சொல்கிறோம் என்று பெரிய தொகை கேட்கும் நிறுவனங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. வயதைக் குறைக்கிறோம் என்று மாத்திரை விற்பவர்களும் இருக்கிறார்கள். கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ அப்படி ஒரு விளம்பரத்தைக் கண்டால், வீட்டுச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். டி.என்.ஏ. என்பது உங்களுடைய செய்தி மட்டும் அன்று. உங்கள் பிள்ளைகளின் செய்தியும் அதில் இருக்கிறது. உமிழ்நீர் வழியாக மரபுப் பரிசோதனை நடத்திய பெரிய அமெரிக்க நிறுவனம் ஒன்று 2025ஆம் ஆண்டில் திவால் மனுக் கொடுத்தது. கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரம் இனி யார் கைக்குப் போகும் என்ற கேள்வி அப்போது எழுந்தது.

சிதம்பரத்தில் 1952ஆம் ஆண்டில் பிறந்து, 2009ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் அவர்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாம் ஏன் சாகிறோம் என்ற பொருளுடைய தலைப்பில், மூப்பின் அறிவியலைப் பற்றி 2024ஆம் ஆண்டில் அவர் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். உயிரணு எப்படி மூப்படைகிறது என்பதை விளக்கும் அந்த நூலில், சாவை வென்றுவிடலாம் என்று ஆசை காட்டும் வணிகத்தை அவர் ஐயத்தோடுதான் பார்க்கிறார். மூப்பை ஆராய்வது வேறு, மூப்பைக் காட்டி வியாபாரம் செய்வது வேறு.

இங்கே உங்கள் மனத்தில் ஒரு கேள்வி எழலாம். நம் தோட்டப்புறங்களில் அந்தக் காலத்தில் பிறப்பைப் பதியாமல் விட்டவர்கள் உண்டு. 'ஜப்பான்காரன் வந்த வருஷம்', 'அவசரகாலத்துக்கு முந்தின தீபாவளி' என்று வயதைக் கணக்கிட்டவர்கள் உண்டு. 1948ஆம் ஆண்டு அவசரகாலத்தில் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியபோது தோராயமாக வயது எழுதிக்கொண்டவர்களும் உண்டு. அப்படிப்பட்ட குடும்பங்களில் சரியான வயதை டி.என்.ஏ. சொல்லிவிடுமா?

சொல்லாது என்பதே நேர்மையான விடை. ஹோர்வாத் கடிகாரத்தில் சோதிக்கப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு வேறுபாடு 3.6 ஆண்டுக்குள் அடங்கியது. மறுபாதிப் பேருக்கு அதற்கும் மேல் போயிற்று. ஓய்வுக்கும் சேமநிதிக்கும் ஒரு நாள்கூட முக்கியம். அங்கே மூன்று நான்கு ஆண்டு இழுபறி உதவாது. மேலும், கடுமையாக உழைத்துத் தேய்ந்த உடம்பைக் கடிகாரம் கூடுதல் வயதாகவே காட்டக்கூடும். ஆகவே பிறந்த நாளுக்குச் சான்று டி.என்.ஏ. அன்று, பிறப்புப் பத்திரமும், மருத்துவமனைப் பதிவும், பள்ளிக்கூடப் பதிவேடும்தான். பிறந்த குழந்தையை உரிய காலத்தில் தேசியப் பதிவுத் துறையில் பதிந்து, பத்திரத்தை நனையாமல் கிழியாமல் வைத்திருப்பது பெற்றோரின் முதல் கடமை.

சரி, இந்த ஆராய்ச்சியில் நம் நாட்டின் பங்கு என்ன? கோலாலம்பூர் செராசில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மூலக்கூறு உயிரியல் கழகம் இருக்கிறது. 'மலேசியன் கோஹார்ட்' என்ற பெயரில் அது ஒரு பெருந்திட்டத்தை நடத்தியது. 2006 முதல் 2012 வரை, 35 வயது முதல் 70 வயது வரையுள்ள ஒரு லட்சத்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மலேசியரைச் சேர்த்து, அவர்களுடைய உடல்நிலையைப் பதிந்து, இரத்த மாதிரிகளைப் பாதுகாத்து வைத்தார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என எல்லா இனத்தாரும் அதில் இருக்கிறார்கள். இது ஏன் முக்கியம் என்றால், டி.என்.ஏ. கடிகாரங்களில் பல, ஐரோப்பிய வழிவந்த மக்களின் உடம்பைப் பார்த்தே செய்யப்பட்டவை. பிறர் உடம்பை அளந்து செய்த சட்டை நமக்குத் தோளில் பிடிக்கலாம், கையில் தொளதொளக்கலாம். நம் மக்களும் கணக்கில் சேர்ந்தால்தான் அளவு நமக்கும் பொருந்தும். இலண்டனின் மேற்குப் பகுதியில் வாழும் இந்திய வழியினரிடம் 2015ஆம் ஆண்டில் இப்படி ஓர் ஆய்வு நடந்தது. இனிப்பு நீர் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே சில மெத்தில் குறிகள் மாறியிருப்பதை அதில் கண்டார்கள்.

இனிப்பு நீரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31.4 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர்! முன்பு நம்மவர்கள் விடியற்காலையில் எழுந்து காடு மேடு ஏறி இறங்கினார்கள். இன்று பலர் காவல் வேலையிலும் தொழிற்சாலை வேலையிலும் நின்ற இடத்திலோ உட்கார்ந்த இடத்திலோ பொழுதைக் கழிக்கிறார்கள். சோற்றின் அளவும், டின் பால் ஊற்றிய தேத்தண்ணீரும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

நம் தொழிலோடு சேர்ந்த ஒரு செய்தியையும் சொல்லவேண்டும். அதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செம்பனை எண்ணெயில் உள்ள டோகோட்ரையினால் என்ற ஒருவகை வைட்டமின் இ சத்தை ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டார்கள். நலமான பெரியவர்கள் நாள்தோறும் 160 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் உட்கொண்டதில், குறிப்பாக ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம், டி.என்.ஏ.யில் ஏற்படும் சேதம் குறைந்தது. இது பிரித்தெடுத்த சத்தைப் பற்றிய சிறிய ஆய்வு. பலகாரம் பொரிக்கும் எண்ணெயைக் கூடுதலாக ஊற்றினால் இளமை வரும் என்று யாரும் பொருள் கொள்ளக்கூடாது.

அப்படியானால் நம் குடும்பங்கள் செய்யக்கூடியது என்ன? டி.என்.ஏ. கடிகாரம் சொல்வதில் பெரும்பகுதியை, விலை குறைந்த நான்கு அளவுகள் இன்றே சொல்லிவிடும்.

ஒன்று, இரத்தக் கொதிப்பு. இரண்டு, இரத்தத்தில் இனிப்பின் அளவு. மூன்று, கொழுப்பு. நான்கு, இடுப்புச் சுற்றளவு. இடுப்பை அளக்க மருத்துவர்கூட வேண்டாம். தையல்காரர் நாடா போதும். ஆசிய மக்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதைத் தாண்டினால் எச்சரிக்கை. மற்ற மூன்றையும் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம். குடிமக்களுக்கு அங்கே வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளிதான். 2019ஆம் ஆண்டில் தொடங்கிய 'பெகா பி40' திட்டத்தின்கீழ், சும்பாங்கான் துனாய் ரஹ்மா உதவித்தொகை பெறும் குடும்பத்தில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இந்தப் பரிசோதனைகள் இலவசம். 'எனக்கு ஒன்றும் இல்லை, நான் ஏன் போகவேண்டும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். இனிப்பு நீரும் கொதிப்பும் வலி காட்டாமல் வருகிறவை. வலி வந்த பிறகு போவது, பட்டை வறண்ட பிறகு மரத்துக்கு ஓய்வு கொடுப்பது போன்றது.

பரிசோதனைக்குப் பிறகு செய்யவேண்டியவையும் எளியவையே. புகையை விடுவது, அது எந்த வயதிலும் பயன் தரும். குடியை ஒதுக்குவது. தேத்தண்ணீரில் இனிப்பைப் பாதியாக்கி, தட்டில் சோற்றைக் குறைத்துக் கீரையும் பருப்பும் மீனும் கூட்டுவது. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடப்பது. 'நாள் முழுதும் உழைக்கிறேன், எனக்கு எதற்கு நடை' என்று கேட்காதீர்கள். ஓய்வின்றிச் சுமை தூக்குவது உடம்பைத் தேய்க்கிறது. அளவாக நடப்பது உடம்பை வளர்க்கிறது.

இறுதியாக ஒன்று. மூப்பின் வேகம் தனி மனிதரின் ஒழுக்கத்தால் மட்டும் அமைவதில்லை என்பதை இந்த ஆராய்ச்சி நன்றாகவே காட்டிவிட்டது. கூலி, வீடு, தண்ணீர், தெளிக்கும் மருந்து, பிள்ளைப் பருவத்துச் சாப்பாடு எல்லாம் டி.என்.ஏ.யில் குறிப்பெழுதுகின்றன. நம் நாட்டில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கித் தடை செய்யப்பட்டது, தோட்டத் தொழிலாளருக்காகப் பல காலம் பலர் குரல் கொடுத்த பிறகுதான். இன்றும் மருந்தடிக்கும் வேலைக்குக் கையுறையும் முகக்கவசமும் கேட்பது பிடிவாதம் அன்று; தங்கள் வயதைத் தாங்களே காப்பது. இரு தலைமுறை உழைத்துக் களைத்த உடம்பைப் பார்த்து, 'இவர்கள் சோம்பேறிகள், அதனால் நோயாளிகள்' என்று யாரும் சொல்லவும் இடமில்லை.

அட்டையில் உள்ள வயதை நம்மால் மாற்ற முடியாது. அது ஆண்டுக்கு ஒன்று கூடியே தீரும். உடம்பின் வயது அப்படிப் பிடிவாதமானது அன்று. அதன் வேகத்தைக் கொஞ்சமாவது குறைக்க நமக்கும், நம்மை வேலை வாங்குகிறவர்களுக்கும், அரசாங்கத்துக்கும் வழியுண்டு. இந்த வாரம் உங்கள் வீட்டில் நாற்பது வயதைக் கடந்தவர் ஒருவரைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போய்க் கொதிப்பும் இனிப்பும் பார்த்து வாருங்கள். இந்த உரையைக் கேட்டதன் பயன் அதுவே.